சீனா நல்ல தேசமா?

சென்ற போயா விடுமுறையன்று எமது இல்லத்தின் முன்விறாந்தையில் ஒரு சிறு மாநாடு நடைபெற்றது. அழைப்பிதழும் இல்லை, தலைவரும் இல்லை. தேநீரும் பயற்றம் பணியாரமும் மாத்திரம் இருந்தன. உயர்தரப் பரீட்சைக்கு வரலாறு படிக்கும் எமது மருமகன், தன் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "மாமா, சீனா நல்ல நாடோ, கூடாத நாடோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ," என்று கேட்டான்.

நாம் வாய் திறக்குமுன் மூன்று விடைகள் வந்துவிட்டன.

அவனுடைய தந்தையாராகிய எமது அத்தான், "நல்ல நாடுதான். ஒருத்தன் சொல்ல எல்லாரும் கேக்கினம். அதாலைதான் இந்த முன்னேற்றம்," என்றார். அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தலையை அசைத்து, "கடனைக் குடுத்து நாட்டைப் பிடிக்கிற கூட்டம். அம்பாந்தோட்டையைப் பாருங்கோ," என்றார். கதவோரத்தில் சாய்கதிரையில் இருந்த எமது அன்னையார், எண்பது கடந்தவர், "அப்பிடிச் சொல்லாதேங்கோ. அரிசியில்லாத காலத்திலை எங்களுக்கு அரிசி தந்த நாடு," என்றார்.

மூன்று அபிப்பிராயங்களும் மூன்று திசையை நோக்கின. ஆயினும் மூன்றும் ஒரு விடயத்தில் ஒத்திருந்தன: நூற்று நாற்பது கோடி மக்களையும், மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சரித்திரத்தையும் கொண்ட ஒரு தேசத்தை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டனர். மருமகனுக்கு அன்று நாம் உடனே விடை கூறவில்லை. பின்னர் அவனோடு பல நாட்கள் பேசியவற்றை நேயர்களுக்கும் கூறுவது பயனுடைத்தாகும் எனக் கருதுகின்றோம்.

அடங்கி நடக்கும் மக்களா?

அத்தான் கூறியதை முதலில் எடுத்துக்கொள்வோம். சீனர் பழங்காலந்தொட்டே கட்டளைக்குப் பணிபவர், கேள்வி கேளாதவர் என்பது உலகெங்கும் உலாவும் ஓர் எண்ணம். அவர்களைப் புகழ்வோரும் இதனைச் சொல்வர். இகழ்வோரும் இதனையே சொல்வர்.

சரித்திரம் வேறு கதை சொல்கின்றது. மன்னன் தவறினால் அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்தல் கற்றறிந்த அதிகாரியின் கடமை என்பது பழைய சீன அரசியல் மரபு. அரசனையும் அதிகாரிகளையும் கண்காணித்து முறையிடுவதற்கென்றே அங்கே தனி இலாகா ஒன்று பல நூற்றாண்டுகள் நிலவியது. 1566ஆம் ஆண்டில், மிங் வமிசத்துச் சக்கரவர்த்தி ஜியாஜிங் அரச கருமங்களைக் கைவிட்டு, சாகா வரம் தேடும் கிரியைகளில் மூழ்கியிருந்தார். ஹாய் ரூய் என்னும் அதிகாரி அவருடைய குற்றங்களை வரிசைப்படுத்தி ஒரு விண்ணப்பம் எழுதிச் சமர்ப்பித்தார். அதன் விளைவு யாதாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் முன்கூட்டியே தமக்கொரு சவப்பெட்டி வாங்கி, மனைவி மக்களிடம் விடைபெற்றுக்கொண்டார் என்று சரித்திரம் கூறும். அவர் சிறையிடப்பட்டார்; அடுத்த ஆண்டு சக்கரவர்த்தி இறந்தமையால் உயிர் தப்பினார். சாமானிய மக்கள் அவரை மறக்கவில்லை. நேர்மையான அதிகாரி என்றாலே இன்றும் சீனர் நாவில் வரும் பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று.

நானூறு ஆண்டுகளின் பின்னர் அந்தப் பெயர் மீண்டும் ஒலித்தது. 1958இல் மாவோ சேதுங் 'மாபெரும் பாய்ச்சல்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். கிராமங்கள் யாவும் பெருங் கூட்டுப்பண்ணைகளாயின. வீட்டு அடுப்புகள் அணைந்து பொதுச் சமையற்கூடங்கள் தோன்றின. உழவர்கள் கலப்பையை விட்டு, கொல்லைப்புற உலைகளில் உருக்கு வார்க்க ஏவப்பட்டனர். அதே ஆண்டின் இறுதியில் பாதுகாப்பு மந்திரி பெங் தேஹுவாய் தமது சொந்த மாகாணமாகிய ஹுனானுக்குச் சென்றார். அவர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். கொரிய யுத்தத்திற் சீனப் படைகளை நடத்திய தளபதி. அறிக்கைகளில் எழுதப்பட்டிருந்த விளைச்சல் வயலில் இல்லை என்பதைக் கண்ணாரக் கண்டார். 1959ஆம் ஆண்டு யூலை மாதம், லூஷான் மலைவாசஸ்தலத்தில் நடந்த கட்சி மாநாட்டின்போது, மாவோவுக்குத் தனிப்பட ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் பணிவோடு எழுதப்பட்டதே. மாவோ அதனைப் பிரதி செய்து எல்லாருக்கும் வழங்கினார், பெங் கட்சி விரோதி எனக் குற்றஞ்சாட்டப்பட்டார், பதவியையும் இழந்தார்.

வியப்பு யாதெனில், அவ்வாண்டின் தொடக்கத்தில் ஹாய் ரூயைப்போல் உண்மை பேசுங்கள் என்று கட்சியினரைத் தூண்டியவரும் மாவோவே. அதனை நம்பிச் சரித்திர ஆசிரியரும் பெய்ஜிங் நகரத் துணை மேயருமான வூ ஹான், ஹாய் ரூயைப் பற்றிக் கட்டுரைகளும் பின்னர் ஒரு நாடகமும் எழுதினார். 1961இல் அந்நாடகம் மேடையேறியது. 1965ஆம் ஆண்டு நவம்பரில் ஷங்காய்ப் பத்திரிகையொன்றில் அதனைக் கடிந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. மன்னனை இடித்துரைத்த பழைய அதிகாரியின் கதை, பதவி நீக்கப்பட்ட பெங்குக்காகப் பரிந்து பேசுவது என்று மாவோ கண்டார். 'கலாசாரப் புரட்சி' என்னும் பத்தாண்டுப் புயலின் முதல் இடி அக்கட்டுரையே. வூ ஹான் 1969இல் சிறையில் மாண்டார். பெங் பொதுமேடைகளில் அடியுண்டு, 1974இல் காவலில் இறந்தார். ஹைனான் தீவிலுள்ள ஹாய் ரூயின் கல்லறையைக்கூடச் செங்காவலர்கள் விட்டுவைக்கவில்லை, அதனை உடைத்தெறிந்தனர். சக்கரவர்த்தி உயிரோடு விட்டவரை, நானூறு ஆண்டுகளின் பின் வந்தோர் கல்லறையிலும் உறங்கவிடவில்லை.

மாவோ மறைந்த பின்னர் பெங்கும் வூ ஹானும் குற்றமற்றவர்கள் என அதே கட்சி அறிவித்தது. கல்லறையும் புதுப்பிக்கப்பட்டது.

மருமகன் இதனைக் கேட்டுவிட்டு, "அப்ப சீனர் கேள்வி கேளாத சனம் இல்லை, கேட்டவையின்ரை கதியைப் பாத்துப் பயந்த சனம்," என்றான். அவ்வாறு கூறுவது உண்மைக்கு அணித்தானது. ஒரு மக்களின் இயல்பு வேறு. அவர்களை ஆள்வோர் ஏற்படுத்திய அச்சம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர், வாய் கட்டப்பட்டவனைப் பார்த்து ஊமை என்று சொல்பவரை ஒப்பர்.

முன்னேற்றம் எங்கே பிறந்தது?

ஆனால் அத்தானின் வாதத்தில் ஒரு பாதி அசைக்க முடியாதது. சீனாவின் முன்னேற்றம் கட்டுக்கதையன்று. 1978இன் பின்னர் ஏறத்தாழ 80 கோடி மக்கள் கொடிய வறுமையினின்று மீண்டனர் என உலக வங்கி கணித்திருக்கின்றது. இவ்வளவு பெருந்தொகையினர் இவ்வளவு குறுகிய காலத்தில் வறுமை நீங்கியதற்கு மனித சரித்திரத்தில் வேறு உதாரணம் இல்லை. இதனை ஒப்புக்கொள்ள மறுப்பவர் சீனாவைப் பற்றி நேர்மையாகப் பேசுபவராகார்.

எனினும் அந்த முன்னேற்றம் பணிவிலே பிறந்ததா என்பது கேள்வி. 1978ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அன்ஹுய் மாகாணத்திலுள்ள சியாவ்காங் என்னும் சிற்றூரில் 18 உழவர்கள் இரகசியமாக ஒரு மண்குடிசையிற் கூடினர். பஞ்ச காலத்தில் அவ்வூரார் பட்ட துன்பம் சொல்லுந் தரமன்று. அதன் பின்னரும் பிச்சைக்குப் போவது அவ்வட்டாரத்து வழக்கமாயிருந்தது. கூட்டு நிலத்தைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டுக்கொள்வது, அரசாங்கத்துக்குரிய பங்கைக் கொடுத்தபின் எஞ்சியதைத் தாமே வைத்துக்கொள்வது என்று ஓர் உடன்படிக்கை எழுதி, அதிற் கைநாட்டு வைத்தனர். அக்காலத்தில் அது பெருங்குற்றம். ஆகவே, தலைமை தாங்கியோர் சிறை சென்றால் அவர்களுடைய பிள்ளைகளை மற்றையோர் வளர்த்தெடுக்க வேண்டும் என்றும் அதில் எழுதினர். அடுத்த அறுவடையில் விளைச்சல் பன்மடங்காகப் பெருகியது. மாகாண அதிகாரிகள் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். பின்னர் டெங் சியாவோபிங் அவ்வழியை ஆதரித்தார். சில ஆண்டுகளில் நாடெங்கும் அதுவே முறையாயிற்று.

ஆகவே, 'ஒருவர் சொல்ல எல்லாரும் கேட்டதால்' சீனா முன்னேறியது என்பது முழு உண்மையன்று. எல்லாரும் கேட்டு நடந்த ஆண்டுகளிற் பஞ்சம் வந்தது. சொற் கேளாத 18 பேரின் வயலிலிருந்து சோறு வந்தது. டெங்கும் அவருடைய சகாக்களும் செய்த பெரிய காரியம், வயலிலிருந்து வந்த அந்த உண்மையைத் தண்டியாமல் விட்டதேயாகும்.

இதற்கு மறுபுறமும் ஓர் உதாரணம் உண்டு. பெய்ஜிங் சர்வகலாசாலையின் தலைவராக இருந்த பொருளியல் அறிஞர் மா யின்சு, சனத்தொகை வளர்ச்சியை மெதுவாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1957இல் எடுத்துரைத்தார். 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் சீனப் பெருநிலத்தின் தொகை ஏறத்தாழ 58 கோடி. அவருடைய கருத்து கட்சிக் கொள்கைக்கு மாறானது எனக் கண்டிக்கப்பட்டது. 1960இல் அவர் பதவியை விட்டு நீங்கினார். 1982இல் கணக்கெடுத்தபோது தொகை 100 கோடியைத் தாண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்னரே 'ஒரு குடும்பத்துக்கு ஒரு குழந்தை' என்னும் கடுஞ்சட்டம் வந்தது. பலவந்தமான கருச்சிதைவுகளும் அபராதங்களும் அதனோடு வந்தன. 2015இன் முடிவில் அதனைக் கைவிட்டார்கள். இப்பொழுதோ, 2022இலிருந்து சனத்தொகை குறையத் தொடங்கிவிட்டது. பிள்ளை பெறுங்கள் என்று அரசாங்கம் மன்றாடுகின்றது. மென்மையாகச் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால், வன்மையான சட்டத்துக்கு இடமில்லாது போயிருக்கவுங் கூடும். மா யின்சு நூறு வயதை அணுகும்வரை வாழ்ந்து, தம்மைக் கண்டித்தது பிழையென்று அரசாங்கமே ஒப்புக்கொள்ளக் கண்டு, 1982இற் காலமானார்.

ஒரே கப்பலில் வந்த பரிசும் வாளும்

இனி அயல் ஆசிரியர் கூறியது. சீனா பிற நாடுகளைக் கடனால் வளைக்கின்றதா?

கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் மாணவர்கள் அங்கே ஒரு கற்சாசனத்தைக் காணலாம். சீன அட்மிரல் ஜெங் ஹே கொண்டுவந்த அக்கல், 1911இல் காலி நகரில் அகப்பட்டது. 1409ஆம் ஆண்டுக்குரிய அதில் மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள. சீன எழுத்தில் புத்தபிரானையும், தமிழில் தெய்வேந்திரமுனையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயினாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றி, பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாகக் கொடுத்தமை கூறப்படுகின்றது. மூன்று சமயத்தாரையும் ஒருங்கே மதித்த இத்தகைய சாசனம் உலகில் அரிது. தமிழும் அதில் ஒரு மொழியாய் நிற்பது நமக்குப் பெருமையே.

ஆயின் அதே ஜெங் ஹே, அதே கடற்பயணத்தின்போது, இந்நாட்டில் அரசதிகாரம் செலுத்திய அழகேஸ்வரனோடு போர் தொடுத்து, அவனைச் சிறைப்பிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டுசென்றார். சக்கரவர்த்தி பின்னர் அவனை விடுவித்தார். கல்லை மாத்திரம் படித்தவன் சீனர் தருமசீலர் என்பான். சிறைப்பட்டவனின் கதையை மாத்திரம் படித்தவன் சீனர் ஆக்கிரமிப்பாளர் என்பான். இரண்டையும் படித்தவனே மாணவன்.

பிற நாடுகளோடு பேசும்போது சீனா ஏன் எளிதிற் சினங்கொள்கின்றது என்பதை அறிவதற்கும் சரித்திரம் வேண்டும். இந்தியாவில் விளைந்த அபினை ஆங்கில வியாபாரிகள் சீனாவில் விற்றனர். 1839இல் லின் சேசு என்னும் அரச ஆணையாளர், 20,000 பெட்டிக்கு மேற்பட்ட அபினைப் பறிமுதல் செய்து அழித்தார். அதற்காகப் பிரித்தானியா போர் தொடுத்தது. 1842இல் ஹொங்கொங் தீவு பறிபோனது. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அபராதப் பணமும் அறவிடப்பட்டது. 1860இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடைகால மாளிகையைச் சூறையாடின. ஆங்கிலப் படையினர் அதனை எரியூட்டினர். 1895இல் யப்பானிடம் தாய்வானை இழந்தார்கள். 1898இல் ஹொங்கொங்கின் 'புதிய பிரதேசங்கள்' 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடம் சென்றன. இவை யாவும் சீனப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்தவை.

அந்த '99 ஆண்டு' என்னும் சொல்லைக் கேட்டதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டதும் 99 ஆண்டுகளுக்கே அன்றோ? தனக்கு நேர்ந்தபோது அவமானம் என்று கூறியதை, மற்றவனோடு பேசும்போது வியாபாரம் என்று கூறும் வழக்கம் வல்லரசுகளுக்கு உண்டு. சீனாவும் அதற்கு விலக்கன்று.

ஆசிரியர் பக்கத்தில் இந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் கடனைக் கொடுக்க முடியாதபடியால் துறைமுகத்தைப் பறித்தார்கள் என்று அவர் கூறியது நடந்ததற்குப் பொருந்தாது. குத்தகையால் வந்த 112 கோடி டொலர், துறைமுகக் கடனைத் தீர்ப்பதற்குச் செலுத்தப்படவில்லை. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பெருக்க உதவியது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் அதன் பின்னரும் நம் கணக்கில் நின்றது. 2022 ஏப்ரிலில் நம் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது, அக்கடனில் மிகப் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகளுக்குரியது. சீனாவுக்குரியது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என ஆய்வாளர் கணித்தனர். துறைமுகத்தின் முதற்கட்டக் கடனுக்கு 6.3 சதவீத வட்டி வாங்கினார்கள் என்பது மெய்; அந்த வட்டிக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டோர் நம்மவரே என்பதும் மெய். வீட்டுக் கணக்கைப் பாராமற் கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவனை மாத்திரம் ஏசினால் அயலவர் என்ன சொல்வர்?

அம்மாவின் அரிசி

எஞ்சியது அன்னையாரின் வாக்கு. இதுவே எமக்கு மிகக் கடினமாயிருந்தது.

கொரிய யுத்த காலத்தில் உலகில் அரிசி விலை ஏறியது. சீனாவுக்கு இறப்பர் முதலிய பொருள்களை விற்கக்கூடாது என ஐக்கிய நாடுகள் சபை 1951இல் தடை விதித்தது. அச்சபையில் அன்று நாம் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. அரிசியும் இல்லை; இறப்பரை நல்ல விலைக்கு வாங்குவாரும் இல்லை. அந்நிலையில் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்க சீனத் தலைநகருக்குச் சென்று, 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். ஆண்டொன்றுக்கு நாம் 50,000 தொன் இறப்பர் கொடுப்பது. அவர்கள் 270,000 தொன் அரிசி தருவது. ஐந்து ஆண்டுகளுக்கு இது நிகழ்வது. நம் இறப்பருக்கு உலகச் சந்தையிலும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்காவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாமற் செய்த இவ்வொப்பந்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் நிலைத்தது. சங்கக்கடையில் கூப்பனுக்கு வாங்கிய அரிசியை நினைவுகூரும் முதியோர் இன்றும் பலர் உளர். அம்மாவின் நன்றி காரணமில்லாத நன்றியன்று.

ஆனால் அந்த முப்பது ஆண்டுகளுக்குள்ளேதான் 1959, 1960, 1961 என்னும் ஆண்டுகளும் வருகின்றன.

பெங் தேஹுவாய் எச்சரித்த பஞ்சம் அது. ஊரதிகாரிகள் மேலிடத்தை மகிழ்விக்கும் பொருட்டு விளைச்சலைப் பலமடங்காகப் பெருக்கி எழுதினர். எழுதிய கணக்கின்படி அரசாங்கம் தானியத்தை அறவிட்டது. தானியம் இல்லையென்று கூறிய உழவர்கள் ஒளித்து வைத்திருக்கின்றனர் என்று அடியுண்டனர். பெங்குக்கு நேர்ந்த கதியைக் கண்டபின் வேறெவரும் வாய் திறக்கவில்லை. பஞ்சம் முன்னிலும் கொடிதாயிற்று. ஹெனான் மாகாணத்தின் சின்யாங் என்னும் ஒரு வட்டாரத்தில் மாத்திரம் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நாடெங்கும் இறந்தோர் தொகையை ஆய்வாளர் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை கணிக்கின்றனர். அந்த 1959ஆம் ஆண்டில் சீனா 40 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான தானியத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. நம் நாட்டோடு செய்த ஒப்பந்தமும் அன்று நடைமுறையில் இருந்தது.

யாங் ஜிஷெங் என்பார் அன்று ஒரு மாணவர். 1959ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஊரிலிருந்து செய்தி வந்து, அவர் வீட்டுக்கு விரைந்தார். தம்மை வளர்த்த தந்தை எலும்பும் தோலுமாய்க் கிடக்கக் கண்டார். கொண்டுபோன அரிசியைக் கஞ்சியாக்கியும் அவரால் விழுங்க இயலவில்லை. மூன்று நாளில் இறந்தார். மகன் அழுதார்; ஆயினும் அரசாங்கத்தின்மேல் அவருக்கு ஐயம் பிறக்கவில்லை. தம் வீட்டுக்கு மாத்திரம் நேர்ந்த துக்கம் என்று நம்பினார். கல்லூரிக்குத் திரும்பி, 'மாபெரும் பாய்ச்சலைப்' புகழும் பணியையே தொடர்ந்தார். ஏனைய ஊர்களில் நடந்ததை அவரும் அறியார். அவருடைய தோழரும் அறியார். பின்னர் அரசாங்கச் செய்தி ஸ்தாபனத்தில் நிருபராகிப் பல்லாண்டு கழித்தே உண்மையை உணர்ந்தார். மாகாணந்தோறும் சென்று பழைய ஏடுகளைத் தேடி எழுதிய அவருடைய நூல் 2008இல் ஹொங்கொங்கில் வெளிவந்தது. அதற்குக் 'கல்லறைக் கல்' என்று பெயரிட்டார். தந்தைக்கும், பசியால் மாண்ட 3 கோடி 60 இலட்சம் பேருக்கும் அதுவே கல் என்றார். சீனப் பெருநிலத்தில் அந்நூல் இன்றும் தடைசெய்யப்பட்டதே.

சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்படுவதில்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கின்றார். அவரே, சாதாரண காலத்திலுள்ள நோயையும் பசியையும் குறைப்பதில் இந்தியாவினும் சீனா முன்னேறி நின்றது என்றும் கூறத் தவறவில்லை. நடுவுநிலைமை என்பது இவ்வாறு இருகண்ணாலும் பார்ப்பதே. பஞ்சம் பழைய கதை என்று தள்ளிவிடவும் இயலாது. 2019ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் வூஹான் நகரத்துக் கண் வைத்தியர் லீ வென்லியாங் புதியதொரு தொற்றுநோய் பற்றிச் சக வைத்தியர்களை எச்சரித்தார். வதந்தி பரப்பினார் என்று சில நாட்களிற் பொலிஸார் அவரை அழைத்துக் கண்டித்து, எழுத்தில் ஒப்பம் வாங்கினர். 2020 பெப்ரவரியில் அதே நோயால் அவர் இறந்தார். பின்னர் அந்தக் கண்டனம் நீக்கப்பட்டது. அவர் தியாகி என்றும் அறிவிக்கப்பட்டார். ஹாய் ரூய், பெங், வூ ஹான், மா யின்சு ஆகியோரின் வரிசையில் அவரும் ஒருவர். சொன்னபோது தண்டனை, காலங்கடந்த பின் மரியாதை.

இவற்றை மருமகனுக்கு நாம் கூறிக்கொண்டிருந்த மாலையில், அம்மா கதவோரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்ததை நாம் கவனிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாதிருந்தார். பின்பு, "அந்த வருசங்களிலை நான்தான் அரிசி அரிச்சு உலையிலை போடுறனான். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, தம்பி," என்றார்.

அவருடைய நன்றியை நாம் திருத்த முயலவில்லை. திருத்த வேண்டியதும் இல்லை. அந்த நன்றிக்கு உரியவர் யார் என்பது மாத்திரமே விளங்க வேண்டியிருந்தது. அது அவருக்கு எம்மிலும் விரைவில் விளங்கியது. மறுநாட் காலை விளக்கேற்றும்போது, அங்கே பசியாற் போன சனங்களுக்கும் சேர்த்து ஒரு பூ வைத்ததாகச் சொன்னார்.

மாணவர்க்கு

நேயர்களே, ஒரு தேசத்தைப் பற்றி அபிப்பிராயம் கொள்ளுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. நாம் பேசுவது மக்களைப் பற்றியா, அவர்களை ஆள்வோரைப் பற்றியா? எந்த ஆண்டைப் பற்றி? இதற்கு மாறானதை அங்கே ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன நேரும்? மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. மாற்றுக் கருத்துக்கு இடமில்லாத இடத்திலிருந்து வரும் புகழ்ச்சியை அப்படியே நம்புதலாகாது; அங்கே நிலவும் மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளுதலும் ஆகாது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. எமது இல்லத்தில் மூத்தோர் பேசும்போது இளையோர் வாய் திறவாதிருப்பதே மரியாதை என்று நாமும் வளர்ந்தோம். அன்று விறாந்தையில் மருமகன் கேட்ட கேள்விக்கு மூன்று மூத்தோர் ஒரே மூச்சில் விடை கூறினோமேயன்றி, அவன் என்ன நினைக்கின்றான் என்று எவரும் வினவவில்லை. பேரரசுகளில் நேரும் பிழை சிறு வீடுகளிலும் நேர்வதுண்டு. 'வயலில் விளைச்சல் இல்லை' என்று கூறும் தைரியம், 'அப்பா, நீங்கள் சொல்வது சரியன்று' என்று அஞ்சாது கூறக்கூடிய வீட்டிலேதான் முதலிற் பழகிவரும்.

சென்ற கிழமை அவன் மீண்டும் வந்தான். "மாமா, நல்ல நாடோ கூடாத நாடோ எண்டு நான் கேட்டதே பிழை," என்றான். அத்தான் அருகில் இருந்தார். வழக்கம்போல் இடைமறிக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு, "ஏன் பிழை? நீ சொல்லு பாப்பம்," என்றார்.

அவன் அரைமணி நேரம் பேசினான். நாம் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.